பன்னண்டு பெட்டியும் பச்சை

இல்லணா, ஜன்னலை மூடாதீங்க, தொறந்தே இருக்கட்டும். கொஞ்ச நாளா மூடுன எடத்துல ஒக்காந்தா எனக்கு நெஞ்சு அடைக்குது. காத்து உங்களுக்கு ஒத்துக்காதுன்னா சொல்லுங்க, நான் அந்தப் பக்கம் வர்றேன். ஆங், அவ்ளோ தான். பையைக் கால்கிட்ட வெச்சுக்கோங்க. உள்ள இன்னாணா, ரப்பர் பூட்ஸா? தப்பா நெனச்சுக்காதீங்க, பை வாய் தொறந்திருந்துச்சு, கண்ல பட்டுது.

ஆம்பூரா. நானும் ஆம்பூர் டிக்கெட் தான். ஞாயித்துக்கெழம கூடவா வேலை? ஓ, டேங்க் கிளீனிங். ஆமாமா, லீவு நாள்ல தான் அதைச் செய்வாங்க. வேலை ஓடற நாள்ல கழிவுத்தண்ணி வந்துட்டே இருக்கும், எப்டி எறங்கறது. பின்னாடி சீட்ல தூங்கறாங்களே ரெண்டு பேரு, அவங்களும் உங்க ஆளுங்களா? ரெண்டு பேரும் சின்ன வயசா தெரியுது. எந்தக் கம்பெனிக்குப் போறீங்க? பைபாஸ்ல, நீலக் கலர் கேட்டு... ம்.

தெரியும்ணா. அந்தப் பக்கம் எல்லா தோல் கம்பெனிக்கும் போயிருக்கேன். இல்ல, தோல் வேலை இல்ல, கம்ப்யூட்டர் வேலை. வேலூர் லாங் பஜார்ல ஒரு செருப்புக் கடை மாடியில எங்க ஆபீஸ். ஆபீஸ்னா பெருசா ஒண்ணும் இல்ல. மொதலாளி விஷ்ணு, அப்றம் நானு, அப்றம் ஒரு ஃபேனு. என் பேரு நந்தகோபால். சொந்த ஊரு குடியாத்தம், அப்பா தறி ஓட்டுனாரு. நான் படிச்சுட்டேன். படிச்சதைத் தான் இப்போ அனுபவிச்சுக்கிட்டிருக்கேன்.

இன்னா செய்வோம்னா, உங்க டேங்க் பக்கத்துல, பம்ப் ரூம் சுவத்துல, சாம்பல் கலர்ல ஒரு பெட்டி பாத்திருப்பீங்க. மேல ஒரு பச்சை லைட்டு, ஒரு செவப்பு லைட்டு, ஒரு சைரன். ஆங், அதே தான். பச்சை எரிஞ்சா எறங்கலாம், செவப்பு எரிஞ்சா எறங்கக் கூடாது. அந்தப் பெட்டிய செஞ்சது நாங்க தான். அதுக்குள்ள ஓடற புரோகிராமை எழுதினது நான்.

நல்ல சாமானா? எல்லாரும் அப்டி தான் சொல்றாங்க. நீங்களும் அதைப் பாத்துட்டு தான் எறங்கறீங்களா. ம். பாக்கறீங்க.

பொய்கை வந்துடுச்சு. இதே செவ்வாய்க்கெழமன்னா சந்தைக்கு வர்ற மாட்டு வண்டியில பஸ்ஸு நகராது. இன்னிக்கு காலியா கெடக்குது. சீக்கிரம் போயிடுவான் போலக்குது.

அந்தப் பெட்டிக்கு முன்னாடி இன்னா பண்ணுவீங்க நீங்க? ஆங், எங்களுக்கு அதை ரொம்ப வருசமா தொட்டியில எறங்கற அப்துல் கஃபார் பாய் சொன்னாரு. மூடிய தொறந்து போட்டுட்டு, கையில இருக்கற வெள்ளி மோதரத்தைக் கழட்டி நூல்ல கட்டி உள்ள எறக்குவாராம். அரை மணி நேரம் டீ குடிச்சுட்டு, பீடி புடிக்கறவன் தூரமா போய்ப் புடிச்சுட்டு, வந்து இழுத்துப் பாப்பாங்களாம். வெள்ளி கறுத்திருந்தா அன்னிக்கு எவனும் எறங்க மாட்டான். மோதரம் கணக்கா கேஸைக் காட்டுதோ காட்டலியோ எனக்குத் தெரியாது. ஆனா அந்த அரை மணி நேரம் மூடி தொறந்தே கெடக்குது பாருங்க, அதுலயே பாதி கேஸ் போயிடும். நாங்க பெட்டி வெச்சதும் அந்த அரை மணி நேரத்தை எடுத்துட்டாங்க. லைட்டு தான் பச்சையா இருக்குதே, இன்னும் இன்னாடா டீ அப்டின்னு சூப்பர்வைசர் வெரட்டுவாராம். உங்க எடத்துலயும் அதே கதையா. எல்லா எடத்துலயும் அதே தான்ணா.

பெட்டி எப்டி வேலை செய்யுதுன்னா... கேக்கறீங்களா, நெஜமாவா? பேஜாரா இருந்தா சொல்லிடுங்க, நிறுத்திடறேன். என் வீட்ல சௌம்யா கிட்ட இதைச் சொல்ல ஆரம்பிச்சா அவ எழுந்து அடுப்பாங்கரைக்குப் போயிடறா.

டேங்க்குக்குள்ள கேஸைப் பாக்கற மிஷின் ஒண்ணு தொங்குது. மேல சுவத்துல என் பெட்டி. பத்து செகண்டுக்கு ஒரு தடவ மேல இருக்கறது கீழ இருக்கறதைக் கேக்கும். உயிரோட இருக்கியா, இருந்தா எவ்ளோ கேஸு சொல்லு. கீழருந்து பதில் வரலன்னா செவப்பு. கேஸ் ஜாஸ்தின்னு பதில் வந்தாலும் செவப்பு. அவ்ளோ தான் விஷயம்.

அந்த உயிரோட இருக்கியான்னு கேக்கறதுக்கு ஒரு மொறை இருக்குது. கம்ப்யூட்டருங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதுக்கு நாலஞ்சு மொறை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, ஒரு நம்பரு. இந்த மொறைக்கு பேரு ஐ.சி.எம்.பி., நம்பர் ஒண்ணு. டி.சி.பி.ன்னு இருக்குது, அதுக்கு ஆறு. யு.டி.பி.க்கு பதினேழு. இந்தப் பேரும் நம்பரும் வரிசையா எழுதின லிஸ்ட்டு ஒண்ணு பெட்டிக்குள்ள சொருகியிருக்கற மெமரி கார்டுல ஒரு மூலையில கெடக்கும். சி-ன்னு ஒரு மொழியில தான் நான் எழுதினேன். அதுல கெட் புரோட்டோ பை நேம்னு ஒரு ஃபங்ஷன். அது கிட்ட பேரைக் குடுத்தா லிஸ்ட்டைப் பொரட்டி நம்பரை எடுத்துக் குடுக்கும். நம்பர் கெடச்சா தான் பேச்சே ஆரம்பிக்கும்.

உங்க கம்பெனி கேட்ல டைம் ஆபீஸ் இருக்குல்ல, அது மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். போய் பேரைச் சொன்னா ரெஜிஸ்டரைப் பாத்து டோக்கன் நம்பர் சொல்றாரு. ரெஜிஸ்டர்ல பேரு இல்லன்னா இன்னா செய்வாரு? கைய விரிச்சுடுவாரு. அந்த ஃபங்ஷனும் அப்டி தான். லிஸ்ட்டுல இல்லன்னா, இல்ல லிஸ்ட்டே இல்லன்னா, ஒண்ணுமில்லன்னு திருப்பிக் குடுத்துடும். சண்டை போடாது, கத்தாது. ஒண்ணுமில்லன்னு வந்தா இன்னா செய்யணும்ங்கறது எழுதறவன் பொறுப்பு.

ஒண்ணுன்னு கையாலயே எழுதிட்டுப் போயிருக்கலாமேங்கறீங்களா. கம்ப்யூட்டர் தெரியாதுன்னு சொன்னீங்க, கரெக்டா கேக்கறீங்க பாருங்க. எழுதியிருக்கலாம்ணா. அந்த நம்பர் நான் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்தே ஒண்ணு தான், நான் செத்தப்புறமும் ஒண்ணா தான் இருக்கும். ஆனா காலேஜ்ல சொல்லிக் குடுத்திருந்தாங்க, நம்பரைக் கையால எழுதாதே, பேரைச் சொல்லிக் கேளு, அது தான் சுத்தமான வேலைன்னு. எனக்கு சுத்தமான வேலை மேல ஒரு திமிரு. மத்தவன் எழுதினதைப் பாத்து சிரிப்பேன்.

மொத வருசம் ஒழுங்கா தான் ஓடுச்சு. ஒரே தொல்லை, கரண்டு போய்ப் போய் வரும். வர்ற ஒவ்வொரு தடவயும் பெட்டி முழிச்சு எழ ஒரு நிமிசம் ஆகும், அதுக்குள்ள பதில் வரலன்னு சைரன் ஊதிடும். ஊதினா எல்லாரும் வேலைய விட்டுட்டு வெளிய ஓடி வந்துடுவாங்க. டிரம்முக்குள்ள தோல் சுத்திட்டிருக்கும்போது நிறுத்துனா கறை புடிச்சுக்கும், மேனேஜருங்க ஃபோன்ல விஷ்ணுவ கிழி கிழின்னு கிழிப்பாங்க. ஒரு எடத்துல நான் போய்ப் பாத்தா சைரன் வாயில தோல் துண்டைத் திணிச்சு கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க. ஆமா, நீங்களும் கட்டியிருப்பீங்க, சிரிக்கறீங்களே.

அதைப் பாத்துட்டு வந்து தான் ஒரு வரி சேத்தேன். கேக்க முடியலன்னா கத்தாதே, அந்தச் சுத்தை விட்டுடு, கடைசியா இன்னா காட்டினியோ அதையே காட்டு. மொத மொதல்ல முழிக்கும்போது பச்சை காட்டு. கரண்டு வந்து ஒரு நிமிசம் சமாளிக்கறதுக்குன்னு எழுதினது. சைரன் நின்னுடுச்சு. தோலை எடுத்துட்டாங்க. விஷ்ணு எனக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தான்.

அப்றம் இந்த வருசம் பக்ரீத். பக்ரீத் முடிஞ்சா தோலு வந்து குவியும்ல, அதுக்குள்ள எல்லா எடத்துக்கும் புது கார்டு போட்டுடணும்னு விஷ்ணு நின்னான். பழைய கார்டுங்க எழுதி எழுதி ரொம்பிப் போச்சு. பன்னண்டு கம்பெனி, பன்னண்டு கார்டு, நாலு நாள் தான் இருக்குது. நான் ஒரு கார்டை எடுத்து, தேவையில்லாததை எல்லாம் அழிச்சு, சின்னதாக்கி, அதையே பன்னண்டா காப்பி எடுத்தேன். எதை அழிக்கணும்னு எப்டிப் பாத்தேன்னா, என் புரோகிராம்ல எந்தெந்த ஃபைல் பேரை எழுதியிருக்கேனோ அதை வெச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிட்டேன். அந்த லிஸ்ட்டோட பேரை நான் எங்கயும் எழுதலணா. ஃபங்ஷன் தானா போய் அதைத் தொறக்குது. எனக்கு ஞாபகத்துல வரல.

டெஸ்ட் பண்ணாம இருப்பேனா? பன்னண்டையும் ஆபீஸ்ல ஒவ்வொண்ணா போட்டு டெஸ்ட் பண்ணேன். போட்டேன், முழிச்சுது, பச்சை காட்டுச்சு. பச்சை வந்தா பாஸ். பன்னண்டும் பாஸ்.

நீங்க புரிஞ்சுக்கிட்டீங்க. மொகம் மாறுது. ஆமாணா. பேரைக் கேக்கும், லிஸ்ட்டு இல்ல. ஒண்ணுமில்லன்னு வரும். அந்தச் சுத்தை விட்டுடும். கடைசியா காட்டின பச்சையையே காட்டும். பத்து செகண்டுக்கு ஒரு தடவ அதே தான். பகல் ராத்திரி, கீழ மிஷின் செத்துக் கெடந்தாலும், ஒயரை எலி கடிச்சாலும், தொட்டி முழுக்க கேஸா நின்னாலும் பச்சையா தான் எரியும்.

தண்ணி குடிக்கறீங்களா? வெச்சுக்கோங்க, எங்கிட்ட இன்னொரு பாட்டில் இருக்குது.

பத்தொம்போது நாளுக்கு முன்னாடி ரெண்டு பேரு போனாங்களே, கேள்விப்பட்டிருப்பீங்க. ஆதிகேசவன், அப்துல் ஹமீத். தெரியுமா உங்களுக்கு? தோஸ்தா? ரெண்டு பேரும் ஒண்ணா ஒரே காண்ட்ராக்ட்ல... ஐயோ. மன்னிச்சுக்கோங்கணா, எனக்குத் தெரியாது. மொதல்ல எறங்கினது ஆதிகேசவன். விழுந்துட்டாரு. தூக்கலாம்னு ஹமீத் பாய் எறங்கிட்டாரு. போலீஸ்ல மாஸ்க் போடல, ஆளுங்க அசால்ட்டா இருந்துட்டாங்கன்னு எழுதிக்கிட்டாங்க. வாடையே வரலன்னு மேல நின்னவங்க சொன்னாங்களாம். ரொம்ப ஜாஸ்தியா இருந்தா வாடை வராதுணா, மூக்கு மொதல்லயே செத்துப் போயிடும்.

பெட்டி சரியா இருந்துச்சான்னு பாத்து எழுதிக் குடுக்கச் சொல்லி மறுநாள் என்னைக் கூப்பிட்டாங்க. போனேன். பச்சை எரிஞ்சுட்டிருக்குது. ரெண்டு பொணம் எடுத்த தொட்டிக்கு மேல பச்சை எரிஞ்சுட்டிருக்குது. கார்டைப் புடுங்கி லாப்டாப்ல போட்டுப் பாத்தேன். பேரு கெடைக்கல, பேரு கெடைக்கல, பேரு கெடைக்கலன்னு வரிசையா எழுதி வெச்சிருக்குது. பக்ரீத்துலருந்து. கீழ தொங்குன மிஷினை இழுத்துப் பாத்தா கேஸ் அரிச்சு ஓட்டையாயிருக்குது, எத்தினி மாசமா செத்துக் கெடந்துச்சோ. கீழ வேற மிஷினை மாட்டி, லிஸ்ட்டோட புது கார்டு ஒண்ணு போட்டேன். பெட்டி நல்லா இருக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.

ஆமா. போட்டேன்.

ஆதிகேசவன் எனக்குத் தெரிஞ்ச மனுசன்ணா. அங்க பெட்டிய மாட்டும்போது அவரு தான் ஏணியப் புடிச்சுக்கிட்டாரு. சார், இதை நம்பி எறங்கலாமான்னு கேட்டாரு. கண்ண மூடிட்டு எறங்குங்கன்னேன். காரியத்துக்கு அவரு வீட்டுக்குப் போனேன், சொல்லிடணும்னு தான் போனேன். அந்தம்மா ரங்கம்மாள் என்னைப் பாத்துட்டு, நீங்க வெச்ச லைட்டு பச்சையா தான் இருந்துச்சாமே சார், அவரு நேரம் அப்டி, நீங்க இன்னா பண்ணுவீங்கன்னு சொல்லி, எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாங்க. எனக்கு ஆறுதல் சொல்றாங்க. நான் காபிய குடிச்சுட்டு வந்துட்டேன்.

மிச்சம் பதினொண்ணு. ஆங், அதைத் தான் கேப்பீங்கன்னு தெரியும்.

மாத்தணும். பதினோரு கார்டும் ரெடி, இதோ இந்த டப்பாவுல இருக்குது பாருங்க, ஒவ்வொண்ணுலயும் கம்பெனி பேரு எழுதி ஒட்டியிருக்கேன். லிஸ்ட்டையும் போட்டேன், அந்த வரியையும் எடுத்துட்டேன். ஒரு எடத்துக்கு ரெண்டு நிமிசம் தான். பழசைப் புடுங்கு, புதுசைச் சொருகு, சுவிட்சைப் போடு. ஒரே நாள்ல பதினொண்ணும் முடிஞ்சுடும்.

விஷ்ணு வேணாங்கறான். பதினோரு எடத்துக்கும் ஒரே வாரத்துல போனா எதுக்குடா வந்தாங்கன்னு கேப்பாங்க, மாசத்துக்கு ஒண்ணுன்னு சர்வீஸ் பேரைச் சொல்லிப் போயி மாத்துன்னு சொல்றான். நான் அவன் பேச்சைக் கேக்கல. கேக்கலன்னு தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். ஆனா ஒண்ணு இருக்குதுணா. புது கார்டைச் சொருகினா அது உண்மையா கேக்கும். கீழ மிஷின் செத்திருந்தா, நிச்சயமா பாதிக்கு மேல செத்திருக்கும், சொருகின அடுத்த நிமிசம் சைரன் ஊதும். செக்யூரிட்டி வருவான், மேனேஜர் வருவான், நேத்து வரைக்கும் பச்சையா இருந்துச்சே இன்னாய்யா இதுன்னு கேப்பாங்க. நான் நடுவுல கார்டோட நிக்கணும். அப்றம் அந்த ரெண்டு பேரு செத்த மறுநாள் நான் போட்ட கையெழுத்தை எடுப்பாங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. பெரியவ ஒம்போதாவது.

இல்லணா, கோவப்படுங்க, நான் வேணாங்கல. ஆனா கொஞ்சம் மெதுவா பேசுங்க. கண்டக்டர் பாக்கறாரு.

டோல்கேட்டு வந்துடுச்சு. இதுக்கு அப்றம் பள்ளிகொண்டா ரெண்டு நிமிசம் தான்.

உங்க நீலக் கேட்டு கம்பெனியா. ஆமாணா. ஏழாவது கார்டு. நீங்க பேரைச் சொன்னப்பவே சொல்லியிருக்கணும். பம்ப் ரூம் கதவுக்கு எடது பக்கம், நான் தான் ஆணி அடிச்சேன். இப்போ கூட பச்சை தான் எரிஞ்சுட்டிருக்கும். எத்தினி மணிக்கு மூடிய தொறக்கறாங்க? ஒம்போதா.

நான் வரலணா. பள்ளிகொண்டாவுல எறங்கிடுவேன். டிக்கெட் ஆம்பூருக்குத் தான் எடுக்கறேன், ரெண்டு வாரமா தெனமும் ஆம்பூருக்குத் தான் எடுக்கறேன். டப்பாவ எடுத்துக்கிட்டு, சௌம்யா கிட்ட இன்னிக்கு முடிச்சுட்டு வந்துடறேன்னு சொல்லிட்டு தான் கெளம்பறேன். வேலூர் தாண்டும்போது மனசு திடமா தான் இருக்குது. பள்ளிகொண்டா பேரைச் சொல்லி கண்டக்டர் விசில் ஊதினா எழுந்துடறேன். எதிர்ப்பக்கம் போய் நின்னா வேலூர் பஸ்ஸு வருது. இதுக்கு முன்னாடி பக்கத்துல ஒக்காந்தவங்க கிட்டயும் சொல்லியிருக்கேன். ஒருத்தரு வாத்தியாரு, ஒரு அம்மா மருமவளைப் பாக்கப் போனாங்க. அவங்களுக்கெல்லாம் இது ஒரு கதை. தொட்டியில எறங்கற ஆளு பக்கத்துல ஒக்காந்தது இன்னிக்கு தான்.

நீங்க எறங்காதீங்க. வயித்து வலி, பேதின்னு சொல்லிடுங்க, ஒருத்தன் வரலன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஏன்னு மட்டும் சொல்லிடாதீங்கணா. என் பேரு வேணாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். நீங்க சொன்னா பதினொண்ணுலயும் போயி நோண்டுவாங்க.

பின்னாடி இருக்கற பசங்களா? அவங்களை... அவங்களை எழுப்ப வேணாமே. தூங்கட்டும். தொறந்ததும் எறங்கறாங்களா, கொஞ்சம் நேரமாகி எறங்கறாங்களா, எப்டின்னு தெரியாது. கேஸ் இல்லாமக் கூட இருக்கலாம். எல்லா நாளும் இருக்காதுணா, இத்தினி மாசத்துல ஒரு எடத்துல தானே ஆச்சு.

பள்ளிகொண்டா சொல்லிட்டாரு. நாளைக்கு நேரா ஆம்பூரே வந்துடறேன், மொத வேலையா உங்க கம்பெனி தான், நீலக் கேட்டு, ஏழாவது கார்டு. சத்தியமா.

கைய விடுங்கணா. பஸ்ஸு எடுத்துடுவான். கைய விடுங்க, நான் எறங்கணும்.